சுஹ்ராவுக்குக் கொழுப்பு அதிகம்

“என்கிட்டருந்து எடுத்துக்கோங்க டாக்டரம்மா. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க. மிச்சம் வைக்கலைன்னாலும் வருத்தப்பட மாட்டேன்!”

சுஹ்ரா மேலங்கியைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். சமர்கந்து ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் பாதி இடம் அந்த வயிற்றுக்கே போயிற்று.

டாக்டர் தமாரா கண்களைக் கசக்கிக்கொண்டாள். மாஸ்கோவிலிருந்து வந்து ஒரு மாதமாகக் கத்தி பிடித்த கை. விடிந்தால் விமானம். கட்டிலில் எலும்பும் தோலுமாகச் சுருண்டு கிடந்தாள், புற்றுநோய்க்கு ஒரு மார்பைக் கொடுத்துவிட்ட பாத்திமா.

“சொன்னேனேம்மா. இவங்க வயித்துலருந்தோ தொடையிலருந்தோ கொழுப்பு எடுக்கணும். அதுல கொஞ்சத்துலருந்து ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, மீதியோட கலந்து மார்புல வைக்கணும். அப்பதான் வச்சது கரையாம நிக்கும். இவங்களைக் கிள்ளினா தோல்தானே வருது!”

“ஆட்டு வால் கொழுப்பைத் தினமும் உருக்கிக் கொடுத்தேன். நாலு வாய் தின்னுட்டு வச்சிடுவா. வீணாப் போகக்கூடாதேன்னு மீதியை நான் தின்னேன்.”

“தெரியுது.”

“விடுடி,” என்று முனகினாள் பாத்திமா. “ஹம்மாமுக்குக் குளிக்கப் போய் ஒரு வருஷமாச்சு. நாலு பொம்பளைங்க நடுவுல துண்டை அவுக்க மனசு வரல. இனி வீட்டு வாளியே போதும்.”

“அதெப்படிப் போதும்? எடுங்கம்மா!”

“அக்கா கொழுப்பு தங்கச்சிக்கு ஒட்டாதும்மா. அந்நியம்னு உடம்பு தள்ளிடும். பெத்த தாயோடதா இருந்தாலும் இதே கதைதான்.”

“யாரு அக்கா? இவதான் எனக்கு மூத்தவ!”

பார்த்தால் சுஹ்ராதான் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தாள். வாதாடத் தமாராவுக்குத் தெம்பில்லை. “யாரா இருந்தாலும் ஒட்டாது” என்று சொல்லிப் பையை எடுத்தாள்.

வாசலில் நர்ஸ் மோஹிரா மறித்தாள். “இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது டாக்டரம்மா. இவங்க ரெண்டு பேருக்குமா ஒட்டாது?”

“இவங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?”

“பேரைத்தான் முதல் நாளே சொன்னோமே, பாத்திமா, சுஹ்ரான்னு! ரெட்டைப் பொண்ணுங்க பொறந்தா எங்க ஊர்ல வைக்கிற பேராச்சே. அச்சு அசலா ஒண்ணா இருக்குதுங்கன்னு பெத்தவளே குழம்பி ஒருத்தி கால்ல கயிறு கட்டி வச்சிருந்தாளாம். அப்ப இந்த வயிறு இல்ல பாருங்க.”

தமாரா பையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு பேருக்கும் ரத்தம் எடு மோஹிரா. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சதுன்னா ஒட்டும்” என்றவள், சுஹ்ராவின் வயிற்றை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.