இறுகாத சுவர்

"இன்னும் ரெண்டு மூட்டை சிமெண்ட் சேர்த்துப் போடுங்க மேஸ்திரி. அணுகுண்டு விழுந்தாலும் இந்தச் சுவர் அசையக் கூடாது" என்றார் அண்ணன்.

தம்பி பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். "நூறு வருஷமாவது தாங்கணும். நான் அப்படிச் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்லுங்க மேஸ்திரி."

மேஸ்திரி தலையை இந்தப் பக்கம் திருப்பி, கையெட்டும் தூரத்தில் நின்றவரிடம் அதைச் சொன்னார். அண்ணன் ஆமோதித்தார். ஸ்கூட்டரை யார் நிழலில் நிறுத்துவது என்று தொடங்கிய சண்டையில் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று பல மாதம் ஆகியிருந்தது. அப்பா கட்டிய வீட்டின் நடு முற்றத்தில் சுவர் எழுப்பி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

செங்கல் சுவர் என்றால் இருவருக்குமே இளப்பம். அண்ணன் கான்கிரீட் கலவையைச் சுமந்து போகும் மிக்சர் லாரி ஓட்டுகிறவர். தம்பிக்கு, கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் சோதனைக்கூடத்தில் வேலை. அதனால் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்தான் என்று முடிவானது. தண்ணீரைக் குறைத்தால் பலம் கூடும் என்றார் அண்ணன். சாம்பல் தூள் கொஞ்சம் கலந்தால் வெடிப்பு விடாது என்றார் தம்பி. எல்லாம் மேஸ்திரி வாய் வழியாகத்தான் போய் வந்தது.

சிக்கல் என்னவென்றால், சுவர் இறுகவே இல்லை.

முதல் முறை பலகையைப் பிரித்ததும் கலவை அப்படியே சரிந்து மேஸ்திரியின் காலடியில் உட்கார்ந்தது. சிமெண்ட் பழசு என்று சொல்லிச் சமாளித்தார். புது சிமெண்ட் வாங்கிப் போட்ட இரண்டாவது சுவரும் இன்று காலை அவருக்கு அதே மரியாதையைச் செய்தது.

'இரும்புக்கை' என்று ஊரே கூப்பிடும் ஆள் அவர். அவர் போட்ட தளம் எதிலும் இதுவரை விரிசல் விழுந்ததில்லை. இன்னொரு முறை சரிந்தால் அந்தப் பேர் போய்விடும், பேர் போனால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். 

விஷயம் தெரிந்தவர் என்று தம்பியைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். எங்கே எந்தக் கான்கிரீட் உடைந்தாலும் நிற்க வைத்துக் காரணம் சொல்கிறவர், "சில சமயம் அப்படித்தான் ஆகும் மேஸ்திரி" என்று உள்ளே போய்விட்டார்.

தம்பியின் மனைவி டீ கொண்டு வந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்த மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சர்க்கரை போடலியாம்மா?"

"டப்பா காலியா கெடக்கு மேஸ்திரி. வாங்குறது எங்க போகுதுன்னே தெரியல."

சுவர் எழும்புவதற்கு முன்பே சிக்கனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரி டீயை மருந்து மாதிரிக் குடித்து முடித்தார்.

கிளம்பும்போது தண்ணீர் டிரம்மைச் சுற்றி எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. மழை வேறு வரப்போகிறது என்று அலுத்துக்கொண்டே நடந்தவர் தெருமுனையில் சட்டென்று நின்றார். திரும்பி வந்து, டிரம் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டுகொண்டு நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போனார். தம்பிக்கு மேலதிகாரியான இன்ஜினியர் அம்மா அதை வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வந்தார்.

"நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தா இவ்வளவு தூரம் நீங்க வந்திருக்கவே வேண்டாம் மேஸ்திரி. சர்க்கரை. உங்க டிரம்முல எப்படியும் ரெண்டு கிலோ கொட்டியிருக்கணும்."

"சர்க்கரை போட்டா என்னம்மா ஆகும்?"

"சிமெண்ட் இறுகாது. மிக்சர் லாரி நடுரோட்டுல நின்னுபோனா, உள்ள இருக்கிற கலவை கல்லாகிடாம இருக்க டிரைவருங்க சர்க்கரையைத்தான் கொட்டுவாங்க."

மேஸ்திரிக்கு விளங்கிவிட்டது. அணுகுண்டுக்கே அசையக் கூடாது என்ற மனுஷனின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. கோபம் தலைக்கேறியது.

சாயங்காலம் அண்ணன் தம்பி இருவரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். சரிந்த கலவை நடுவில் கொழகொழவென்று கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மேஸ்திரி அண்ணனைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவை என் மானம் கப்பலேறிடுச்சு. இப்பத்தான் காரணம் தெரிஞ்சுது. தண்ணியில சர்க்கரையக் கலந்திருக்காங்க. யார் கலந்ததுன்னும் எனக்குத் தெரியும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி கலவைக் குவியலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவர் வேணாம்னா வேணாம்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு என் பேரைக் கெடுக்கணும்? அதுவும் ஒரு பிடி ரெண்டு பிடி இல்ல, முழுசா ரெண்டு கிலோ" என்றார் மேஸ்திரி.

அண்ணன் நிமிர்ந்தார். மேஸ்திரியைத் தாண்டி, அத்தனை மாதம் கழித்துத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் ஒரு கிலோதானே போட்டேன், மீதி நீயாடா?"