முன்னால் போனவர்

அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

எப்போதும் அப்படித்தான். கல்யாணமான மறுநாள் கோயிலுக்குப் போனபோதும் அவர் முன்னால், அவள் பின்னால். ஹாங்காங் வந்தால் மட்டும் மாறிவிடுமா என்ன?

கடலோரம் முழுக்க ஜனம். அக்கரையில் கட்டடம், கட்டடத்துக்குப் பின்னால் கட்டடம். வானத்துக்கு விட்டுவைத்தது கொஞ்சம்தான்.

"அதோ, உசரமா நிக்குது பாரு, அது பேங்க்கு. காலை எட்டிப் போடு."

முகம் திரும்பவில்லை. கை மட்டும் காட்டியது.

அவள் காலை எட்டிப் போட்டாள். பிறகு, போடவில்லை.

முப்பது வருடத்துக்கு முன் மாயவரத்தில், ஐப்பசி கடைசி நாள், கடைமுகத்தன்று காவிரியில் முழுகிவிட்டு வந்தபோதும் இதே கூட்டம். அவளுக்கு ஏழாம் மாதம். யாரோ இடித்தார்கள். விழுந்தாள். முன்னால் போனவரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போய்க் காபி கேட்டபோதுதான், பின்னால் ஆள் இல்லை என்பதே அவருக்குத் தெரிந்ததாம்.

பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை.

கூட்டத்தில் பார்த்து வரத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொன்னார். நேற்று விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொன்னார். சிரித்துக்கொண்டே.

படகுத்துறை பக்கத்திலேயே இருந்தது. அவள் கூட்டத்தோடு உள்ளே போனாள். படகில் ஏறி, கரையைப் பார்த்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவருடைய பாஸ்போர்ட், போன், பிரஷர் மாத்திரை, ஓட்டல் சாவி எல்லாம் அதில்தான். சட்டைப்பை உப்பினால் அவருக்குப் பிடிக்காது. ஓட்டலின் பெயரைக்கூட அவளிடம்தான் கேட்பார்.

படகு நகர்ந்தது.

கரையில் அவர் இன்னும் எதையோ காட்டிக்கொண்டு போனார். பேசிக்கொண்டும்தான்.

பிறகு அந்தக் கை அந்தரத்தில் நின்றது.

திரும்பினார்.

இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். வாய் திறந்து மூடியது. அவளுடைய பெயராக இருக்கலாம். அவர் அதைச் சொல்லி அவள் கேட்டதேயில்லை.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தப் படகில், இருக்கையின் சாய்மானத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளலாம். அவள் எழுந்தாள். மறுபக்கம் தள்ளினாள். அக்கரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பேங்க் நல்ல உயரம்தான்.