கை தூக்காத மூன்று சுற்றுகள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விசிறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் காது.

அவர் பெயர் அதுவல்ல. ஆனால் ஆலையில் யாரும் அவரை வேறு பெயரில் சொல்வதில்லை. விசிறி கீச்சிட்டால் கையைத் தூக்குவார். அவர் கை தூக்கிய விசிறி ஆலை வாசலைத் தாண்டாது.

இந்தப் பக்கம், வேகத்தைக் கூட்டும் குமிழில் விரலை வைத்திருந்தாள் புது விசிறியை வரைந்தவள்.

தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவர்கள் படுக்கையருகே வைத்துக்கொள்ளும் கருவி. அதன் மோட்டாரைக் குளிர்விக்க, உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி. பழையதில் இறக்கைகள் எல்லாம் சம இடைவெளியில் நின்றன. காற்றை ஒரே சுருதியில் வெட்டி, காதோரக் கொசுவைப் போலக் கீச்சிட்டன. தூக்கம் கெட்டவர்கள் கருவியையே அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

அவள் ஏழு இறக்கைகளையும் ஒழுங்கு கலைத்து நிறுத்தினாள். ஓரங்களை ரம்பப் பல்லாக வெட்டினாள், காற்று சில்லுசில்லாகப் பிரிந்து போகட்டும் என்று.

இது நாலாவது வடிவம். முந்தைய மூன்றுக்கும் கை உயர்ந்துவிட்டது; கடைசியாக உயர்ந்து ஒரு வருஷமாகிறது. இதற்கும் உயர்ந்தால் விசிறியை வெளியில் வாங்கிக்கொள்வது, அவளுடைய பிரிவை மூடிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது.

முதல் சுற்று. குமிழை மெதுவாகத் திருப்பினாள். கால், அரை, முழு வேகம்.

கை தொடைமேல் கிடந்தபடி கிடந்தது.

அவள் உள்ளே போய் விசிறியைக் கழற்றி மாட்டினாள். உட்கார்ந்திருப்பவர் திரும்பக் கூடாது. மூன்று சுற்றில் ஒன்றிலாவது பழைய விசிறி ஓட வேண்டும், எதில் என்று அவருக்குச் சொல்லக் கூடாது. பழையதைக் கோட்டை விட்டவருக்கு அப்புறம் அந்த நாற்காலி கிடையாது. விதியைப் போட்டவரே காதுதான். அதில் இரண்டு பேர் எழுந்து போயிருக்கிறார்கள்.

இரண்டாவது சுற்று. கை அசையவில்லை.

மறுபடி உள்ளே போனாள். இந்த முறை திருகுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

மூன்றாவது சுற்றில் சோதனைத் தாளில் போட்டிருந்த வேகத்தையும் தாண்டிக் குமிழைத் திருப்பினாள். கடைசிவரை திருப்பினாள். கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து அவர் விரல்களையே பார்த்தாள்.

காது கண்ணை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் தாளை வாங்கி, மூன்று கட்டங்களிலும் ‘கீச்சு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“என்னம்மா, சந்தோஷத்துல தலைகால் புரியலையா? பழசை மாட்டவே மறந்துட்டியே. மூணுமே உன்னோடதுதானே?”

அவள் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தாள்.

“ஆமா சார். மறந்துட்டேன்.”

“எனக்குத் தெரியாதா? அது ஓடுனா பல்லு கூசும்ல. சரி விடு, நாளைக்குக் காலையில அதையும் சேர்த்து ஒருதரம் கேட்டுடுவோம். முறைன்னு ஒண்ணு இருக்கு.” கதவு வரை போய்த் திரும்பினார். “உன்னைப் பாடாப் படுத்திட்டேன், மனசுல வச்சுக்காத.”

அவர் டீ குடிக்கப் போன பிறகு அவள் உட்கார்ந்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில், எந்தச் சுற்றில் எந்த விசிறி என்று மாட்டியவர் எழுத வேண்டிய வரிசை காலியாக இருந்தது.

எழுதினாள்.

முதல் சுற்று: பழையது. இரண்டாவது: புதியது. மூன்றாவது: பழையது.