புஜ்ஜிக்குக் கண் பட்டது

மூன்று தலையும் வயிற்றில் ஒரு வாயுமாக இருந்த அந்தப் பிராணிக்கு சச்சிதானந்தம் புஜ்ஜி என்று பெயர் வைத்திருந்தான். பாதாளத்திலிருந்து வந்ததாம். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிற பாதாளம்! புருஷனுக்கு ஏற்ற ஜீவன்தான் என்று மரகதம் நினைத்துக்கொள்வாள்.

இரண்டு நாளாக அது சாப்பிடவில்லை.

"மேல் வீட்டம்மா லட்சணமா இருக்குன்னு சொன்னாங்க. கண்ணு பட்டுடுச்சு. சுத்திப் போடு" என்று அவன் மூக்கை உறிஞ்சினான்.

"இந்த மூஞ்சிக்குக் கண்ணு வேறயா?"

உப்பையும் காய்ந்த மிளகாயையும் எடுத்து, தலைக்கு மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போட்டாள். கண் படாதிருந்தால் மிளகாய் நெடி ஆளைத் தூக்கும். பட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. மிளகாய் கருகியது. ஒரு தும்மல்கூட வரவில்லை. புஜ்ஜி எழுந்து சோற்றைத் தட்டோடு விழுங்கியது.

"பாத்தியா! ஊர்க் கண்ணு பூரா எம் புள்ள மேலதான்."

மரகதம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களும் உக்காருங்க."

பதினோரு வருஷத்தில் இப்படி அவள் அழைத்ததில்லை. அவன் அவசரமாகக் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மிளகாய் நெருப்பில் விழுந்ததும் புஜ்ஜியின் மூன்று தலைகளும் சேர்ந்து தும்மின. மேல் வீட்டில் படாரென்று ஜன்னலைச் சாத்தினார்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, சச்சிதானந்தம் மிளகாய் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இன்னொரு தடவ சுத்திப் பாரேன்."