காற்றுக்கு வழிவிட்ட கார்

காற்று பிடித்து இழுப்பதால்தான் பெட்ரோல் இவ்வளவு தீர்கிறது என்று ஒரு காருக்குத் தெரிந்துவிட்டது. துருத்திக்கொண்டு நிற்பதையெல்லாம் கழற்றிப் போடத் தொடங்கியது.

முதலில் கூரையில் இருந்த கேரியர் போனது. "சனியன் ஒழிஞ்சுது" என்று பக்கக் கண்ணாடி சிரித்தது. அடுத்து வைப்பர் போனது. "மழை என்ன தினமுமா பெய்யுது?" என்றது பக்கக் கண்ணாடி.

பிறகு கார் அந்தப் பக்கக் கண்ணாடியையே முறைத்தது.

"அண்ணே, பின்னால யார் வர்றாங்கன்னு நான்தானே சொல்றேன்!"

"நான் போறது முன்னாலடா" என்று கார் அதையும் கழற்றி எறிந்தது.

பம்பரில் தொங்கிய திருஷ்டி எலுமிச்சம்பழம் நடுங்கியது. "அடுத்தது நானாண்ணே?"

"சேச்சே! நீ என் காவலாச்சே. உன்மேல கை வைப்பேனா?"

மறுநாள் கார் காற்றைக் கிழித்துப் பறந்தது. முன்னால் போன டிராக்டரை முந்த வலப்பக்கம் ஒடித்தது. பின்னால் வந்த லாரி அதற்குத் தெரியவில்லை.

மிச்சம் பிடித்த பெட்ரோலெல்லாம் ரோட்டில் ஓடியது. நசுங்கிய தகரத்துக்கு நடுவே எலுமிச்சம்பழம் மட்டும் முழுசாகக் கிடந்தது.

"நீதானே காவல்?" என்று காற்று கேட்டது.

"அப்படித்தான் கட்டினாங்க" என்றது பழம். "எனக்குக் கண்ணு இருக்கான்னு யாரும் கேக்கலையே."