இரண்டு பேர் இடம்

எங்கள் குடும்பத்தில் உடம்பு இளைக்கப் போடும் மெலிவு ஊசியைப் போட்டுக்கொள்ளாதவள் நான் ஒருத்திதான். விசேஷ வீட்டில் குரூப் போட்டோ என்றால் போதும், என் நாத்தனார் இந்திராணி ஆரம்பித்துவிடுவாள். "அண்ணி, பின்னாடி போங்க. ரெண்டு பேரு இடத்த அடைக்கிறீங்க."

ஒருநாள் அவள் காலில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியது. புண் ஆறவே இல்லை. யாராவது ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த உயிருள்ள கொழுப்பை வைத்துக் கட்டினால்தான் புது ரத்தக்குழாய் முளைத்து மூடும், இல்லையென்றால் காலையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஊசி போட்ட உடம்புகளில் கொழுப்புக்கு எங்கே போவது? சொந்தபந்தம் மொத்தமும் என் இடுப்பைப் பார்த்தது.

"ஒரு டம்ளர் போதும்மா" என்றார் டாக்டர்.

"ஒரு சொம்பே எடுத்துக்கங்க" என்றேன்.

புண் ஆறியது. தன் பேரன் காதுகுத்துக்கு இந்திராணி சொந்தக் காலில் மேடையேறினாள். போட்டோக்காரர் என்னைப் பார்த்து, "அந்த அம்மா மட்டும் கொஞ்சம் பின்னாடி..." என்று இழுத்தார்.

இந்திராணி விட்டாளே ஒரு சத்தம்! "அவங்க நடுவுல நிக்கட்டும்யா. நாங்க ஒதுங்கிக்கிறோம்!"

நின்றேன். இடுப்பில் கை வைத்து, இரண்டு பேர் இடத்தையும் அடைத்துக்கொண்டு.