பத்தாவது வண்டி

திருச்சி தென்னூர் லோடு வண்டி ஸ்டாண்டில் நின்ற ஒன்பது வண்டிகளும் ஒரே கம்பெனி. புது வண்டி வாங்க விசாரித்து வந்த அப்ராருக்கு அதுவே நற்சான்றாகத் தெரிந்தது.

"ஏண்ணே எல்லாரும் இதையே எடுத்தீங்க?" என்று அங்கே வண்டி ஓட்டும் இளவரசனிடம் கேட்டான்.

"நல்லா இழுக்குது தம்பி. மைலேஜும் பரவாயில்ல. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."



அப்ரார் ஷோரூமுக்குப் போன் செய்தபடியே நடந்தான்.

"பாவமா இருக்கு பாய். உண்மையச் சொல்லிடவா?" என்றான் இளவரசன், பக்கத்து வண்டிக்காரர் கியாசுதீனிடம்.

"போன வருஷம் நீ கேட்டப்ப நான் சொன்னேனா? சின்ன பார்ட்ஸ் போனாலும் மதுரைக்குத்தான் கட்டி இழுத்துக்கிட்டுப் போறோம். பத்து வண்டி சேர்ந்தாத்தான் கம்பெனிக்காரன் திருச்சியில சர்வீஸ் சென்டர் வைப்பானாம்."

அப்ராரைக் கூப்பிட உயர்த்திய கையை இளவரசன் மெல்ல இறக்கிக்கொண்டான்.